பூசண நோய்க்கு உட்கொள்ளும் மாத்திரைகள்

(பொம்மையார்பாளையத்தில் நடைபெற்ற உழவர் கூட்டத்தில் தோல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



வேளாண்மைக் கூட்டத்தில் தோல் மருத்துவருக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நிலக்கடலையில் டிக்கா இலைப்புள்ளியை உண்டாக்குவது பூசணம். நெல்லில் இலையுறைக் கருகலை உண்டாக்குவதும் பூசணம். நம் இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வட்டம் வட்டமாகப் படர்ந்து இரவெல்லாம் சொறிய வைக்கிறதே படர்தாமரை, அதுவும் பூசணம்தான். வகை வேறு, இனம் ஒன்று. பயிருக்கு ஹெக்சகோனசோல், டெபுகோனசோல், புரோபிகோனசோல் என்று வாங்கித் தெளிக்கிறீர்கள். மருந்துக்கடையில் இட்ராகோனசோல், ஃபுளுகோனசோல் என்று மாத்திரை தருகிறார்கள். பெயரின் கடைசிப் பகுதியைப் பாருங்கள், இரண்டும் ஒரே குடும்பம். பூசணம் தன் உயிரணுச் சவ்வைக் கட்டிக்கொள்ளத் தேவையான ஒரு கொழுப்புப் பொருளைச் செய்யவிடாமல் தடுப்பதே இரண்டின் வேலையும்.

பூசணக்கொல்லியை எந்த நோய்க்கு, எந்த அளவில், எத்தனை நாள் இடைவெளியில் தெளிக்க வேண்டும், எதனோடு கலக்கக்கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நீங்கள் வயலில் இறங்குவதில்லை. ஆனால் அதே குடும்பத்து மருந்தை வாய்க்குள் போட்டுக்கொள்ளும்போது, "படைக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி விழுங்கிவிடுகிறோம். இதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

படை ஏன் முன்போல் போவதில்லை?

பெரியவர்களுக்கு நினைவிருக்கும். முன்பெல்லாம் படர்தாமரை வந்தால் சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசுவார்கள், அல்லது ஒரு களிம்பை இரண்டு மூன்று வாரம் தடவுவார்கள், போய்விடும். வண்டுகொல்லி என்று அந்தச் செடிக்குப் பெயரே உண்டு. இப்போது ஆறு மாதம், ஒரு வருடம் என்று நீடிக்கிறது. வீட்டில் ஒருவருக்கு வந்தால் அனைவருக்கும் வருகிறது. முகத்திலும் வருகிறது, கைக்குழந்தைக்கும் வருகிறது.

இது பொம்மையார்பாளையத்தில் மட்டும் காணும் குறை அன்று. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இந்தியா முழுவதும் தோல் மருத்துவர்கள் இதையே கண்டு வருகிறார்கள். இதற்குக் காரணமான பூசணத்துக்கு 2020-இல் 'டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே' என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது. பெருமைப்படத்தக்க விஷயம் அல்ல. 2023-இல் அமெரிக்காவில் நியூயார்க் நகரிலும் இது கண்டறியப்பட்டது. டெர்பினாஃபின் என்ற மாத்திரை முன்பு படைக்கு நிச்சயமான மருந்தாக இருந்தது. இந்தப் புதிய பூசணத்தில் பல, அந்த மருந்து பற்றிக்கொள்ள வேண்டிய இடத்தையே மாற்றிக்கொண்டு தப்பிவிடுகின்றன. பூச்சிக்கு மருந்து எதிர்ப்புத் தன்மை வருவதை நீங்கள் பருத்தியிலும் கத்தரியிலும் பார்த்திருப்பீர்கள். அதுவே இங்கும் நடந்திருக்கிறது.

இந்த நிலைக்கு மூன்று மருந்து கலந்த களிம்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பூசணத்துக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, அரிப்பை அடக்க ஸ்டீராய்டு ஒன்று என்று ஒரே குழலில் அடைத்து விற்கிறார்கள். குளோபெட்டசால், பெட்டாமெத்தசோன் போன்ற பெயர்கள் குழலின் மேல் இருக்கும். தடவிய மறுநாளே அரிப்பு நின்றுவிடும். நல்ல மருந்து என்று அண்டை வீட்டாருக்கும் கொடுப்போம். உண்மையில் ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவிடுகிறது. எதிர்ப்பு இல்லாத இடத்தில் பூசணம் சத்தமில்லாமல் பரவுகிறது. வட்டத்தின் விளிம்பு மங்கிப்போவதால் மருத்துவருக்கும் அடையாளம் தெரிவது கடினம். மாதக்கணக்கில் தடவினால் தொடையிலும் அக்குளிலும் தோல் மெலிந்து, வெடித்த நிலம்போல் கோடுகள் விழும். அந்தக் கோடுகள் மறைவதில்லை. தோலில் தடவும் ஸ்டீராய்டு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத எச் அட்டவணையில் 2018-இல் மத்திய அரசு சேர்த்தது. சட்டம் இருக்கிறது, கடையில் குழலும் கிடைக்கிறது. வாங்காமல் இருப்பது நம் கையில்தான் உள்ளது.

சென்ற ஆண்டு நிலக்கடலை பயிரிடும் ஒருவர் ஒரு மஞ்சள் பையுடன் வந்தார். பையைக் கவிழ்த்தால் ஏழு களிம்புக் குழல்கள், மூன்று வகை மாத்திரை அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் நாலைந்து மாத்திரை போக மீதி அப்படியே இருந்தது. அரிப்பு நின்றதும் நிறுத்துவார், திரும்பியதும் வேறு கடையில் வேறு மாத்திரை வாங்குவார். பூசணத்தைக் கொல்லாமல், அதற்கு மருந்தைப் பழக்கிக்கொடுத்தது போலாயிற்று. தோலைச் சுரண்டி எடுத்துப் பார்த்தோம், பூசணம் இருந்தது. ஸ்டீராய்டு களிம்பை நிறுத்தி, அவருக்கும் அவர் மனைவிக்கும் மகனுக்கும் சேர்த்தே மருத்துவம் செய்தோம். குணமாக ஏழு வாரம் ஆயிற்று.

முதலில் நோய் எதுவென்று தெரிய வேண்டும்

நெல்லில் பாக்டீரியா இலைக் கருகல் வந்தால் பூசணக்கொல்லி எவ்வளவு தெளித்தாலும் பயன் இல்லை. மனிதத் தோலிலும் அப்படியே. முதுகிலும் மார்பிலும் வெளிறிப் படரும் தேமலும் பூசணம்தான் என்றாலும், டெர்பினாஃபின் மாத்திரையை விழுங்கினால் தேமல் போகாது. கால் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண் எல்லாம் பூசணம் அல்ல. நாள் முழுதும் சேற்றில் நின்று தோல் ஊறியதால் வந்ததாக இருக்கலாம், கிருமியாகவும் இருக்கலாம். வெளிறிய படை ஒன்று உணர்ச்சியற்று மரத்திருந்தால் அது தொழுநோயாக இருக்கக்கூடும். அதற்குப் படை மாத்திரை தின்று காலம் கடத்துவது கைகால் நரம்புகளைப் பறிகொடுப்பதாகும்.

வெறுங்காலுடன் வயலில் இறங்குவோருக்கு முள் குத்திய இடத்தில் வரும் ஒரு நோய் உண்டு. பாதம் வீங்கி, பல கண் வைத்து, குருணை குருணையாகச் சீழ் வடியும். 1842-இல் மதுரையில் கில் என்ற மருத்துவர் இதைப் பதிவு செய்ததால் உலகம் முழுவதும் இதற்கு 'மதுரைப் பாதம்' என்றே பெயர். இந்த ஒரே நோய் பூசணத்தாலும் வரும், பாக்டீரியாவாலும் வரும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஒன்றின் மருந்து மற்றதற்கு உதவாது.

தோலைச் சற்றே சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூசண இழைகள் தெரிந்துவிடும். வலி கிடையாது. செலவும் சொற்பம். மாத்திரை தொடங்கும் முன் இதைச் செய்ய முடியுமா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஓரிரு இடத்தில் சிறிதாக இருக்கும் படைக்கு மாத்திரையே தேவையில்லை, ஸ்டீராய்டு கலவாத களிம்பு போதும். உடலில் பல இடங்களில் பரவியிருந்தாலோ, நகத்திலோ தலைமுடி வேரிலோ இறங்கியிருந்தாலோதான் உள்ளுக்கு மருந்து வேண்டும்.

எதனோடு எது சேரக்கூடாது?

இந்தப் பகுதியைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். தெளிப்பான் தொட்டியில் கண்டதையும் கலந்தால் மருந்து திரிந்துபோகும், அல்லது பயிர் கருகும். வயிறும் ஒரு தொட்டிதான். நாம் விழுங்கும் பல மருந்துகளைக் கழித்து வெளியேற்றுவது கல்லீரல். கோனசோல் குடும்பத்து மாத்திரைகள் பூசணத்தின் வேலையை மட்டும் தடுப்பதில்லை, கல்லீரலின் அந்த வேலையிலும் சிறிது குறுக்கிடுகின்றன. அதனால் நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் வேறு மருந்து உடலில் தேங்கி, இரண்டு மடங்கு சாப்பிட்டது போன்ற விளைவைத் தரக்கூடும்.

சர்க்கரை நோயாளிகளை முதலில் சொல்கிறேன். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் பலர் வீட்டிலேயே மாத்திரை பெறுகிறீர்கள். நல்ல ஏற்பாடு. அதில் கிளிமிபிரைடு அல்லது கிளிபென்கிளமைடு இருந்து, அதனுடன் ஃபுளுகோனசோலும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். வியர்வை, கை நடுக்கம், கண் இருட்டல், பேச்சுக் குழறல் தோன்றும். வயலில் இருப்பவருக்கு இது வந்தால் வெயில் மயக்கம் என்றோ மருந்து தெளித்த மயக்கம் என்றோ நினைத்து நிழலில் படுக்க வைத்துவிடுவார்கள். அங்கேதான் ஆபத்து. நினைவு இருக்கும்போதே சர்க்கரையோ வெல்லமோ கரைத்துக் கொடுத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

அடுத்து வயிற்றெரிச்சல் மாத்திரை. இட்ராகோனசோல் காப்ஸ்யூல் இரைப்பையில் புளிப்பு இருந்தால்தான் கரைந்து உடலில் சேரும். ஆகவே வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் கஞ்சித் தண்ணீரோடு விழுங்கினால் பாதி வீண். ஒமிபிரசோல், பேன்டோபிரசோல், ரானிடிடின் போன்றவை அந்தப் புளிப்பைக் குறைப்பதால் மருந்து ஏறாது. விலை கொடுத்து வாங்கிய மாத்திரை மலத்தோடு போகும், படையும் குறையாது. இன்னொன்றும் உண்டு. பேன்டோபிரசோலுடன் டோம்பெரிடோன் சேர்த்த காப்ஸ்யூல் நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. டோம்பெரிடோன் இட்ராகோனசோலுடன் சேரவே கூடாத மருந்து. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெட்டுப்போகலாம். "மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், கூட ஒரு கேஸ் மாத்திரை போடுங்கள்" என்று அன்பாகச் சொல்பவர்களிடம் இதற்காகவே எச்சரிக்கையாக இருங்கள்.

இதயம் பலவீனமாகி, கால் வீக்கமும் மூச்சிறைப்பும் உள்ளவர்கள் படைக்காகவோ நகத்துக்காகவோ இட்ராகோனசோல் சாப்பிடக்கூடாது. கொழுப்பைக் குறைக்க சிம்வாஸ்டாடின், அடோர்வாஸ்டாடின் சாப்பிடுவோர் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சேர்ந்தால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் கெடலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுவோருக்கு இரத்தக்கசிவு ஏற்படலாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசிபின் ஆகியவை எதிர்வழியில் வேலை செய்து பூசண மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடும். இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்தவும் கூடாது. காசநோய் மருந்தைப் படைக்காக நிறுத்துவது கூரையில் ஒழுகுகிறதென்று சுவரை இடிப்பதற்கு ஒப்பாகும்.

இத்தனை பெயரையும் மனத்தில் வைக்க வேண்டியதில்லை. மருத்துவரிடம் போகும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நாட்டு மருந்து, லேகியம் உட்பட.

கல்லீரல்

டெர்பினாஃபின், இட்ராகோனசோல், ஃபுளுகோனசோல் ஆகிய எதுவும் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கலாம். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. பயந்து ஓட வேண்டாம். ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கீட்டோகோனசோல் என்ற பழைய மாத்திரையால் கல்லீரல் கெட்டுப்போன நேர்வுகள் மிகுந்ததால், 2013-இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் தோல், நக நோய்களுக்கு அதை உட்கொள்வதற்கு எதிராக முடிவெடுத்தன. ஆகவே மஞ்சள் காமாலை முன்பு வந்தவர்களும் மது அருந்தும் பழக்கம் உள்ளவர்களும் மாத்திரை தொடங்கும் முன்பே கல்லீரல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மருத்துவம் ஒரு மாதத்துக்கு மேல் நீண்டால் இடையிலும் ஒருமுறை பார்ப்பது நல்லது. மாத்திரை சாப்பிடும் காலத்தில் சாராயமும் பிராந்தியும் வேண்டாம். கிரிசியோஃபல்வின் சாப்பிடும்போது குடித்தால் முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும்.

பசி அற்றுப்போதல், ஓயாத குமட்டல், காரணமில்லாத அசதி, சிறுநீர் தேநீர் நிறத்தில் போதல், கண் மஞ்சளித்தல், உடலெங்கும் தடிப்பு இவற்றில் எது தோன்றினாலும் அடுத்த மாத்திரையைப் போடாதீர்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள். டெர்பினாஃபின் சிலருக்கு நாக்கில் ருசியை எடுத்துவிடும். நிறுத்தினால் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் திரும்பும். குழம்பில் உப்பில்லை என்று வீட்டில் சண்டை போடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள்?

படைக்கு 4 வாரம் முதல் 8 வாரம் வரைகூட இப்போது மாத்திரை தேவைப்படுகிறது. டெர்பினாஃபினில் கைவிரல் நகத்துக்கு ஏறத்தாழ 6 வாரம், கால்விரல் நகத்துக்கு 12 வாரம். அரிப்பு ஒரு வாரத்திலேயே அடங்கிவிடும். அதை நம்பி நிறுத்துவதே எல்லாக் கேட்டுக்கும் வாசல். களை மேலே காய்ந்தாலும் கோரைக்கிழங்கு மண்ணுக்குள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாகச் சேர்த்து விழுங்கக்கூடாது. இட்ராகோனசோலில் 100 மி.கி. காப்ஸ்யூலும் உண்டு, உடலில் எளிதில் ஏறும்படி செய்த 50 மி.கி., 65 மி.கி. காப்ஸ்யூல்களும் உண்டு. எண் குறைவாக இருக்கிறதென்று இரண்டு போட வேண்டாம், கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் மருத்துவரைக் கேளுங்கள்.

மாத்திரை மட்டும் போதாது. உடுத்தும் துணி, துண்டு, படுக்கை விரிப்பு அனைத்தையும் தனியே வெந்நீரில் துவைத்து, உள்புறம் வெளியே வரும்படி நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். ஈரத் துணியோடு வயலில் நிற்பதும் இறுக்கமான உள்ளாடையும் ஆகா. அரைஞாண் கயிறு வியர்வையில் ஊறிப் பூசணத்தைக் காத்து வைக்கும், குணமாகும்வரை கழற்றி வைப்பது நல்லது. வீட்டில் படை உள்ள அனைவரும் ஒரே காலத்தில் மருத்துவம் செய்துகொள்ள வேண்டும். ஒருவர் மாத்திரையை மற்றவருக்குப் பங்கிடுவது மருத்துவம் ஆகாது.

கண்ணில் நெல் குத்தினால்

மாத்திரை எல்லாவற்றுக்கும் மேலானது என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. அதற்கு நம் பக்கத்திலேயே ஒரு மறுப்பு இருக்கிறது. கதிரடிக்கும்போது நெல் சுனையோ, கரும்புத் தோகையோ கண்ணில் பட்டுக் கருவிழியில் பூசணப்புண் வருவது உழவருக்கு உரிய நோய். அரவிந்த் கண் மருத்துவமனையின் மதுரை, கோயம்புத்தூர், திருநெல்வேலி, புதுச்சேரி நிலையங்களிலும் நேபாளத்திலும் கடுமையான புண் உள்ள 240 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். சொட்டு மருந்துடன் ஒரு பாதிப்பேருக்கு வோரிகோனசோல் மாத்திரையும், மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். 2016-இல் முடிவு வெளியாயிற்று. மாத்திரை கூடுதலாகச் சாப்பிட்டதால் ஒட்டுமொத்தத்தில் கண்ணுக்கு நன்மை காணவில்லை, பக்க விளைவுகளே அதிகம். அதற்கு முன் 2013-இல் வந்த ஆய்வில், நாட்டமைசின் என்ற பழைய சொட்டு மருந்தே வோரிகோனசோல் சொட்டு மருந்தைவிட மேலாக இருந்தது. ஆகவே கண்ணில் ஏதும் குத்தினால் கடையில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி விடாதீர்கள், தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ ஊற்றாதீர்கள், மாத்திரையையும் தேடாதீர்கள். அன்றே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

கர்ப்பிணிப் பெண் சாப்பிடலாமா என்று ஒரு தாயார் கேட்டார். படைக்காக இந்த மாத்திரைகள் எதையும் கர்ப்ப காலத்தில் சாப்பிடக்கூடாது, பூசும் மருந்தையே மருத்துவர் தருவார். இட்ராகோனசோல் முடித்து 2 மாதம் வரை கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கிரிசியோஃபல்வின் சாப்பிட்ட ஆண்களும் 6 மாதம் பொறுக்க வேண்டும். பாலூட்டும் தாய்மார் கேட்காமல் எதையும் தொட வேண்டாம். குழந்தைகளுக்கு எடையைப் பார்த்தே அளவு. பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது கணக்காகாது.

பயிருக்கு அடிக்கும் மருந்தையே நீர்த்துப் படையில் தடவினால் என்ன என்று ஓர் இளைஞர் கேட்டார். குடும்பம் ஒன்று என்று நான் சொன்னதால் வந்த கேள்வி. கூடவே கூடாது. அதில் மருந்தோடு கரைப்பான்களும் ஒட்டுப் பொருள்களும் உள்ளன, தோல் வெந்துபோகும், உடலுக்குள்ளும் ஊறும். இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூசணம், வயலில் தெளிக்கும் கோனசோல் மருந்துகளுக்குப் பழகி, பிறகு மருத்துவமனையில் கொடுக்கும் கோனசோலுக்கும் அடங்காமல் போவதை நெதர்லாந்தில் கண்டிருக்கிறார்கள். தேவைக்கு மேல் தெளிக்காமலிருப்பதற்கு இது மற்றொரு காரணம்.

கன்றுக்குட்டியின் கண்ணைச் சுற்றி சாம்பல் நிறத்தில் பக்குப் பக்காக இருக்கிறது, அது நமக்கு ஒட்டுமா என்பது கடைசிக் கேள்வி. ஒட்டும். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை வெறுங்கையால் தடவிக் கொடுக்க வேண்டாம், கட்டும் கயிறையும் தேய்க்கும் துணியையும் மற்ற மாடுகளுக்குப் பயன்படுத்த வேண்டாம். உங்கள் முன்கையிலோ கழுத்திலோ படை கிளம்பினால், வீட்டில் கன்றுக்கும் இருக்கிறது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். புதுச்சேரி ஜிப்மரிலும் முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தோல் நோய்ப் பிரிவு உண்டு. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள். போகும் நாளில் படையின் மேல் எந்தக் களிம்பும் தடவாமல் போனால் சுரண்டிப் பார்ப்பதற்கு எளிது.